சிலிக்கோன் சேர்வைகளும் ஒப்பனைப் பொருள்களும்

ஒப்பனைப் பொருள்கள் அடைக்கப்பெற்ற புட்டிகளின் புறத்தே பொறித்திருக்கும் மூலப்பொருட் பட்டியலை ஊன்றிப் படிப்போர், டைமெதிக்கோன், சைக்கிளோபென்ராசிலொக்சேன் முதலிய பெயர்களை அடிக்கடி காண்பர். பெயர் விளங்காமையின் இவற்றை நஞ்சென அஞ்சுவார் சிலர். விளம்பரத்தை நம்பி அமிழ்தெனப் போற்றுவார் வேறு சிலர். அவ்விரு நிலையும் அறியாமையின்பாற் பட்டனவே. இவை எவ்வாறு ஆக்கப்படுகின்றன, எப்பண்பினாற் பயன்படுகின்றன என்பவற்றை அறிந்தாலன்றி, இவற்றின் நன்மை தீமைகளைச் சீர்தூக்கல் இயலாது.

முதற்கண், ஒலியால் ஒத்தனவாயும் பொருளால் வேறுபட்டனவாயுமுள்ள மூன்று சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். சிலிக்கன் என்பது ஒரு மூலகம். புவியோட்டின் நிறையில் ஏறக்குறைய 28 சதவீதம் இதுவே. சிலிக்கா என்பது சிலிக்கனும் ஒட்சிசனும் கூடிய சேர்வை. வெண்மணலும் படிகக்கல்லும் இதன் வடிவங்களாம். சிலிக்கோன் என்பதோ இயற்கையிற் கிடைப்பதன்று. சிலிக்கன் அணுவும் ஒட்சிசன் அணுவும் மாறிமாறித் தொடர்ந்த சங்கிலியில், ஒவ்வொரு சிலிக்கன் அணுவோடும் மெதைல் போன்ற காபன் கூட்டங்கள் இணைந்து நிற்கும் செயற்கைப் பல்பகுதியமாகும்.

இப்பெயரை வழங்கியவர் இங்கிலாந்தின் நொட்டிங்காம் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் பிரெடெரிக் ஸ்ரான்லி கிப்பிங். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாம் ஆக்கிய பொருள்கள் கீற்றோன் என்னும் காபன் சேர்வைகளை ஒத்தனவெனக் கருதி, அவர் இப்பெயரை இட்டார். அமைப்பு அத்தகையதன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று; ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. பசைபோல் ஒட்டும் இப்பொருள்களால் உடனடிப் பயன் விளையும் என்னும் நம்பிக்கை 1930 களிலும் அவருக்கு இருக்கவில்லை. ஆனால் 1940 ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்றிக் ஆய்வுகூடத்தில் யூஜீன் றோக்கோ என்பவர் எளிய ஆக்க முறையொன்றைக் கண்டார். ஜேர்மனியில் றிச்சாட் முல்லரும் தனித்து நின்று அம்முறையையே கண்டறிந்தார். 1949 இல் மறைந்த கிப்பிங், தாம் நம்பியிராத அத்துறை பெருந்தொழிலாய் வளரத் தொடங்கியதைத் தம் வாழ்நாளிலேயே கண்டார்.

அம்முறையைச் சிறிது விரித்துரைப்போம். சிலிக்காவையும் கரியையும் மின்வில் உலையிற் சூடாக்க, கரி ஒட்சிசனைக் கவர்ந்து செல்லச் சிலிக்கன் எஞ்சுகின்றது. அதனைப் பொடியாக்கிச் செம்பை ஊக்கியாகச் சேர்த்து, ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் மெதைல் குளோரைட்டு வாயுவை அதனூடே செலுத்துவர். அப்போது மெதைல் குளோரோசிலேன்கள் என்னும் நீர்மங்களின் கலவை உண்டாகின்றது. அவற்றுள் முதன்மையானது டைமெதைல் டைகுளோரோசிலேன். இது 70 பாகையிற் கொதிப்பது. இதனோடு கலந்துள்ள மெதைல் ரைகுளோரோசிலேன் 66 பாகையிற் கொதிப்பதால், இரண்டையும் பிரித்தெடுக்க உயர்ந்த கோபுரங்களில் நெடிது நிகழும் பகுதிபடக் காய்ச்சி வடித்தல் வேண்டப்படுகின்றது.

பிரித்தெடுத்த நீர்மத்தை நீரோடு சேர்த்தவுடன் குளோரீன் அணுக்கள் நீங்க, மூலக்கூறுகள் ஒட்சிசன் வாயிலாக ஒன்றோடொன்று பிணைகின்றன. இதனை ஓர் உவமையால் விளக்கலாம். இரு குளோரீன் உடைய மூலக்கூறு இரு கையுடையானை ஒக்கும். அத்தகையோர் கைகோத்து நின்றாற் சங்கிலி நீளும், அன்றேல் வளையம் உண்டாகும். ஒரு குளோரீன் உடையது ஒரு கையுடையானை ஒத்துச் சங்கிலியை முடித்துவைக்கும். மூன்று உடையது வலைபோற் பின்னிக் கடினப் பிசினை ஆக்கும். இங்ஙனம் கைகளின் தொகையை அளந்து கலப்பதனாலேயே நீர்போல் ஓடுவதும், தேன்போற் பாய்வதும், இறப்பர்போல் இழுபடுவதும் ஆகிய பலவகைப் பொருள்கள் ஒரே மூலத்தினின்று பெறப்படுகின்றன. வெளிப்படும் ஐதரசன் குளோரைட்டும் வீணாவதில்லை. மெதனோலுடன் சேர்ந்து மீண்டும் மெதைல் குளோரைட்டாகின்றது.

இனி இவற்றின் பண்பை நோக்குவோம். சிலிக்கன் ஒட்சிசன் பிணைப்பு வலிமை மிக்கது. ஆதலின் வெப்பத்துக்கும் ஒட்சியேற்றத்துக்கும் எளிதில் இடங்கொடாது. சங்கிலியோ எளிதில் வளைந்து திரும்புவது. அதன் புறத்தே நிற்கும் மெதைல் கூட்டங்கள் நீரை ஏலா. மேற்பரப்பிழுவிசை நீரினதைவிட மூன்றிலொரு பங்கிலும் குறைவாதலால், சிறுதுளியும் தோலின்மேல் மிக மெல்லிய படலமாய்ப் பரவும்.

ஒப்பனைக் கலையில் இப்பண்புகளே பயன்படுவன. நீண்ட சங்கிலியுடைய டைமெதிக்கோன் தோலில் எண்ணெய்ப் பிசுக்கின்றி மழமழப்பைத் தரும். ஐந்து அலகுகள் வளையமாய் அமைந்த சைக்கிளோபென்ராசிலொக்சேன், நிறப்பொடி முதலியவற்றைச் சுமந்து பரப்பியபின் தானே ஆவியாகிவிடும். அமைன் கூட்டம் சேர்ந்த சிலிக்கோன் நேரேற்றம் பெறுவதால், எதிரேற்றம் மிகுந்த பழுதுற்ற மயிர்ப் பகுதிகளை நாடிப் பற்றும். சீப்பு எளிதில் ஓடுவதும் கூந்தல் மினுங்குவதும் இதனாலேயே. எனினும் சிலிக்கோன் மயிரை வளர்ப்பதுமன்று, ஊட்டுவதுமன்று. தேங்காயெண்ணெய் மயிரிழையின் உள்ளே ஓரளவு ஊடுருவ வல்லது. சிலிக்கோனோ புறத்தே போர்வையாய் நிற்பது. கழுவாது விட்டால் அப்போர்வை படிந்து தடிப்பதும் உண்டு.

உடலுக்கு வரும் கேட்டைப் பொறுத்தவரை, டைமெதிக்கோனின் பெரிய மூலக்கூறுகள் தோலினூடே உட்செல்வது அரிது. கவலைக்குரியன சிறிய வளையச் சேர்வைகளே. ஆவியாகிக் காற்றிற் கலந்தவை நாளடைவிற் சிதைவன. கழுவுநீருடன் சென்று நீரடி வண்டலிற் சேர்ந்தவையோ நெடுங்காலம் அழியாது நின்று, நீர்வாழ் உயிர்களின் உடலிலும் திரளக்கூடும். இதனாலேயே கழுவி நீக்கும் ஒப்பனைப் பொருள்களில், நான்கலகு, ஐந்தலகு வளையங்கள் ஒவ்வொன்றும் நிறையில் 0.1 சதவீதத்தை எட்டலாகாதென ஐரோப்பிய ஒன்றியம் 2018 இல் விதித்தது. அவ்விதி 2020 சனவரி இறுதியில் நடைமுறைக்கு வந்தது. 2024 இல் ஆறலகு வளையத்தையும், பூசிக் கழுவாது விடும் பொருள்களையும் உள்ளடக்கி அவ்விதி விரிவாக்கப்பட்டது.

ஈண்டு நாம் ஓர்ந்துணரத்தக்கது ஒன்றுண்டு. எளிதில் மாறாமை என்னும் எக்குணத்தால் இச்சேர்வை நம் மேனிக்கு உகந்ததாயிற்றோ, அக்குணத்தாலேயே அது நீர்நிலைக்குச் சுமையாகின்றது. குணமும் குற்றமும் ஒரே பண்பின் இருபக்கங்கள். ஆதலின் ஒரு பொருளை நன்றென்றோ தீதென்றோ கூறுமுன், அது எவ்விடத்தில், எவ்வளவில், எத்துணைக் காலம் நிற்பது என வினவுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பப் பழகிய மாணவன் விளம்பரத்துக்கும் அடிமையாகான். வீண் அச்சத்துக்கும் இரையாகான்.