குழந்தைக்கு ஒரு குடும்பம்: தத்தெடுப்பும் வளர்ப்புப் பராமரிப்பும்

மகப்பேற்றுப் பிரிவில் அவ்வப்போது எழும் கேள்வி ஒன்று உண்டு. பெற்ற தாயால் வளர்க்க இயலாத குழந்தையைப் பிள்ளையில்லாத உறவினரோ அறிந்தவரோ நேராக வாங்கிச் செல்லலாமா? கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணம் உடையவர்களே. ஆயினும் எந்த எழுத்தும் நடைமுறையும் இன்றிக் கைமாறும் குழந்தைக்குச் சட்டப்படி பெற்றோர் அமைவதில்லை. பள்ளியில் சேர்க்கும்போதும் சொத்துரிமை பேசும்போதும் அதன் நிலை ஆட்டம் காணும். பெற்றவர் பின்னாளில் திரும்பி வந்து கேட்டால், வளர்த்தவருக்கும் பாதுகாப்பில்லை. இந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகின்றனர். 2019இல் நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தில் வெளிப்பட்ட பச்சிளங்குழந்தை விற்பனை அதற்குச் சான்று.

தாய்க்கு உள்ள வழி

குழந்தையை வளர்க்க இயலாத பெற்றோர், குழந்தைகள் நலக் குழுவின் முன் அதை ஒப்படைக்கலாம். இளைஞர் நீதிச் சட்டம், 2015 இதற்கு இடமளிக்கிறது. முதலில் பெற்றோருக்கு ஆலோசனை வழங்கப்படும். ஒப்படைத்த பின்னரும் முடிவை மாற்றிக்கொள்ள 60 நாள் அவகாசம் உண்டு. அடையாளம் வெளியிடப்படாது. தமிழ்நாட்டில் 1992 முதல் நடைமுறையில் உள்ள தொட்டில் குழந்தைத் திட்டமும் இவ்வாறான குழந்தைகளைக் காப்பதற்கே ஏற்பட்டது.

கைவிடப்பட்ட குழந்தையைக் காண்பவர் எவராயினும் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். 1098 என்ற எண்ணுக்கு அழைத்தால் போதும். குழந்தையை விற்பதும் வாங்குவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மருத்துவமனைப் பணியாளர் அதில் ஈடுபட்டால் தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுகள்.

தத்தெடுக்க விரும்புவோருக்கு

மத்திய தத்துவள ஆதார ஆணையமான ‘காரா’வின் இணையதளத்தில் பதிவு செய்வது முதற்படி. அடுத்து, சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து குடும்பச் சூழலை ஆராய்ந்து அறிக்கை தருவார். 2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு ஆணையை மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் எம்மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்பதை, முந்தைய சட்டம் நடைமுறையில் இருந்தபோதே, உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவுபடுத்தியது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் பொருந்தாத கிறித்தவ, இஸ்லாமியக் குடும்பங்கள் நிறைந்த நம் கடற்கரைக்கு இது முக்கியமான செய்தி.

2024–25ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 4,515 குழந்தைகள் தத்தளிக்கப்பட்டனர். பதிவு செய்து காத்திருக்கும் பெற்றோரோ இதைப்போலப் பல மடங்கு. கைக்குழந்தைக்காகப் பலர் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க, மறுபுறம் வளர்ந்த பிள்ளைகளும், உடன்பிறந்தவரைப் பிரிய விரும்பாத பிள்ளைகளும், உடற்குறை உள்ள பிள்ளைகளும் தங்களுக்கான குடும்பத்தை எதிர்பார்த்து இல்லங்களில் வளர்கின்றனர்.

வளர்ப்புப் பராமரிப்பு

தத்தெடுப்பில் குழந்தை முழு உரிமையுடன் புதிய குடும்பத்தின் பிள்ளையாகிறது. வளர்ப்புப் பராமரிப்பிலோ, பெற்றவரின் வழியும் பெயரும் மாறாமல், குறிப்பிட்ட காலம் மற்றொரு குடும்பம் அக்குழந்தையைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கிறது. தந்தை கடலில் மறைந்து, தாயும் நீண்ட நோயில் வீழ்ந்த வீட்டை எண்ணிப் பாருங்கள். பிள்ளை தொலைவிலுள்ள இல்லத்துக்குச் செல்லும்போது பெற்றோரோடு ஊரையும் பள்ளியையும் தோழரையும் சேர்த்தே இழக்கிறது. அதே ஊரில் ஒரு வீடு திறந்தால் அந்த இழப்பில் பாதியேனும் குறையும்.

நாசரேத், அடைக்கலாபுரம் போன்ற ஊர்களின் இல்லங்கள் பல தலைமுறைப் பிள்ளைகளைக் காத்தவை. இன்றோ இல்லத்தைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே அதற்கு முன்வரும் குடும்பங்கள் உள்ளூரிலேயே வேண்டும். முத்துக்குளித்துறை ஊர்களில் திருமுழுக்கின்போது ஞானத்தாயும் ஞானத்தந்தையும் ஏற்கும் பொறுப்பு நாம் அறிந்ததே. அவ்வுணர்வு உள்ள இடத்தில் வளர்ப்புக் குடும்பத்தைத் தேடுவது எளிது.

மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ் வளர்ப்புப் பராமரிப்பிலுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. 2024ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளின்படி, இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த பின், தகுதியுள்ள குழந்தையை அதே குடும்பம் தத்தெடுக்கவும் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் இருவரையும் இழந்து பாட்டி, அத்தை போன்ற உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழக அரசின் ‘அன்புக் கரங்கள்’ திட்டம் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்குகிறது.

உறவு நிலைக்க

குழந்தை வீட்டுக்கு வந்த பிறகே உண்மையான பணி தொடங்குகிறது. முதல் மாதங்களில் சில பிள்ளைகள் உறங்க மறுப்பர். தின்பண்டத்தை ஒளித்து வைப்பர். ஒரு நாள் ஒட்டிக்கொண்டு மறுநாள் விலகுவர். இவை நன்றிகெட்ட செயல்கள் அல்ல. முன்பு ஒருமுறை கைவிடப்பட்ட மனம், இந்த வீடாவது நிலைக்குமா என்று சோதித்துப் பார்க்கிறது. இதை அறியாத குடும்பங்கள் மனம் சோர்ந்து, பிள்ளையைத் திருப்பி ஒப்படைக்கவும் நினைக்கின்றன. அந்த இரண்டாம் பிரிவு முதற்பிரிவைவிட ஆழமாகப் புண்படுத்தும். ஆகவே சோர்வு தோன்றும் தொடக்கத்திலேயே குழந்தை மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ அணுகுங்கள். தத்தெடுத்த பின் இரண்டு ஆண்டுகள், ஆறு மாதங்களுக்கு ஒருமுறை நடைபெறும் தொடர்பார்வை உங்களைக் குறைகாண அன்று. உதவி கேட்பதற்கான வாய்ப்பு.

பிறப்பைப் பற்றிய உண்மையைப் பிள்ளைக்குச் சிறுவயதிலேயே எளிய சொற்களில் கூறுங்கள். ஊரார் வாயிலாக அறிவதினும் உங்கள் மடியில் அமர்ந்து கேட்பது நன்று. மருத்துவர் குடும்பநோய் வரலாற்றைக் கேட்கும்போது, “தத்துப்பிள்ளை, வரலாறு தெரியாது” என்று தயங்காமல் சொல்லுங்கள். தேவையான பரிசோதனைகளைத் தீர்மானிக்க அது உதவும். விடுபட்ட தடுப்பூசிகளையும் வயதுக்கேற்ப மீண்டும் தொடங்கலாம்.

தத்தெடுக்கவோ வளர்ப்புக் குடும்பமாகவோ விரும்புவோர், தூத்துக்குடி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். அதன் விவரங்களை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டறியலாம். குழந்தையை வளர்க்க இயலுமா என்ற கலக்கத்தில் இருக்கும் தாய்மார், எவரிடமும் வாக்குக் கொடுக்கும் முன் தங்கள் பிரிவின் செவிலியரிடம் ஒரு சொல் கூறுங்கள்.