சோறு இறங்கவில்லையா? பச்சிலையை நம்பி நாள் கடத்தாதீர்கள்

"ஏங்க, நாலு வாரமா தண்ணியைக் குடிச்சுக் குடிச்சுத்தானே சோத்தை இறக்குறீங்க? டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருவோமே."

"சும்மா இரு புள்ள. நித்தியகல்யாணி புத்துக்கு மருந்தாம். வேலி ஓரமா பூத்துக் கெடக்கு. நாலு இலையைக் கஷாயம் வச்சுக் குடு, சரியாப் போயிரும்."

கணவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மைதான் ஆபத்து.

செடியிலிருந்து புற்று நோய்க்கு மருந்து கிடைப்பது மெய்யே. நித்தியகல்யாணி இலையிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்தை 1958-ல் கனடா நாட்டில் பிரித்தெடுத்தார்கள். அவர்கள் தேடியதோ சர்க்கரை வியாதிக்கு மருந்து! இலைச் சத்தை ஊசி மூலம் ஏற்றிய எலிகளுக்கு இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தன. அதைக் கண்ட பிறகுதான் புற்று நோய்க்கு உதவும் என்று தெரிந்தது. ஆனால் இச்செடியின் மருந்துகள் பெரும்பாலும் இரத்தப் புற்றுக்கும் நெறிக்கட்டிப் புற்றுக்கும் தரப்படுபவை. உணவுக்குழாய்ப் புற்றுக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை. மேலும், ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ அரை டன் காய்ந்த இலை வேண்டும். வீட்டுக் கஷாயத்தில் எது எவ்வளவு இறங்கும் என்று யார் அளப்பது? இது நச்சுச் செடி. வாந்தி வரும், இரத்த அணுக்களும் குறையலாம்.

உணவுக்குழாய்க்கு உதவும் மருந்து வேறொரு மரத்தில் இருந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் வளரும் யூ மரத்தின் பட்டையில் பாக்ளிடாக்சல் என்ற பொருள் உள்ளது. அதன் அமைப்பை 1971-ல் வெளியிட்டவர்களில் ஒருவர் நம் நாட்டில் பிறந்த மன்சுக் வாணி. புற்றுச் செல் இரண்டாகப் பிரிந்து பெருகுவதை இது தடுக்கிறது. நெதர்லாந்து டாக்டர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாராருக்கு அறுவைச் சிகிச்சை மட்டும் செய்தார்கள். மற்றவர்களுக்கு இம்மருந்தையும் கார்போபிளாட்டின் மருந்தையும் கதிர்வீச்சோடு ஐந்து வாரம் கொடுத்துவிட்டு அறுவை செய்தார்கள். முதல் சாராரில் பாதிப்பேர் 24 மாதங்களுக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். மற்றச் சாராரில் பாதிப்பேர் 49 மாதங்களைத் தாண்டினார்கள். பட்டையை இடித்துக் குடித்து வந்த பலன் அல்ல இது. சுத்தம் செய்து, உடம்பின் அளவுக்குக் கணக்கிட்டு, நரம்பில் ஏற்றிய மருந்து.

மஞ்சளைப் பற்றியும் கேட்கிறீர்கள். அதிலுள்ள குர்குமின் ஆய்வுக்கூடத் தட்டில் புற்றுச் செல்லை அழிக்கிறது. ஆனால் வாயால் சாப்பிட்டால் குடல் அதை மிகக் கொஞ்சமே உறிஞ்சும். குழம்புக்குப் போடுங்கள், மருந்தென்று நம்ப வேண்டாம்.

முதலில் சோறு அடைக்கும், பிறகு இட்லி, பிறகு கஞ்சியும் இறங்காது. உடம்பு இளைக்கும். புகையிலை, பீடி, வெற்றிலைப்பாக்கு, சாராயம் பழக்கம் உள்ளவர்களுக்கு இது அதிகம். கொதிக்கக் கொதிக்க டீ குடிப்பதும் நல்லதல்ல. பழக்கமே இல்லாத பெண்களுக்கும் வருவதுண்டு. ஆகவே "எனக்கு எங்கே வரப்போகுது" என்று மனைவியும் இருந்துவிடக் கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் அடைப்பு இருந்தால் இருவரும் சேர்ந்தே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எண்டோஸ்கோபி செய்வார்கள். மெல்லிய குழாயை வாய்வழி விட்டு உள்ளே பார்க்கும் சோதனை அது, சில நிமிடம்தான். இதுவரை குடித்த கஷாயம், லேகியம் எதுவானாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சில பச்சிலைகள் ஊசி மருந்தின் வேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும்.