ஓய்ந்த கைக்கு உற்ற துணை

ஆண்டர்சன்பேட்டையின் வாழ்வு உழைக்கும் கைகளால் உருவானது. வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்து வந்து, கோலார் தங்கவயலின் ஆழத்தில் பாறையைத் துளைத்த கைகள் அவை. 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று அவற்றில் பணிபுரிந்தோர் பலர் இன்று முதியோர். முதுமையில் மிகுதியாக வரும் பிணிகளுள், ஒரே நாளில் ஒரு கையை ஓயச் செய்துவிடுவது பக்கவாதம். சட்டைக்குப் பொத்தான் இடவும், சோற்றைப் பிசைந்து உண்ணவும், பென்ஷன் தாளில் கையொப்பம் இடவும் பிறர் உதவியை நாட வேண்டியதாகிறது. அத்தகைய கை மீண்டும் இயங்குமா? இயந்திரமும் மின்சாரமும் அதற்கு எவ்வாறு துணை செய்கின்றன? இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். 'வாதம்' என்பது நம் பழைய மருத்துவ முறைகளில் காற்றின் கூறாகக் கருதப்படுவது. ஆதலால் நோய் கையில் வந்து தங்கியதாகவே நம்மில் பலர் எண்ணி, தைலம் தேய்ப்பதோடு நின்றுவிடுகின்றனர். உண்மையில் பழுது கையில் இல்லை. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, அவ்விடத்து உயிரணுக்கள் மடிகின்றன. மூளையின் இடப்பாதி வலக்கையையும், வலப்பாதி இடக்கையையும் ஆள்கின்றது. ஒலிபரப்பு நிலையம் பழுதானால் வீட்டிலுள்ள வானொலிப் பெட்டி பேசாது. பெட்டியை எவ்வளவு துடைத்தாலும் பயன் இல்லை. கையின் நிலையும் அத்தகையதே.

ஆயினும் நம்பிக்கைக்கு இடம் உண்டு. மடிந்த அணுக்கள் மீள்வதில்லை. ஆனால் எஞ்சியுள்ள பகுதிகள் அவற்றின் வேலையை ஓரளவு கற்றுக்கொள்ளும் ஆற்றல் படைத்தவை. அந்தக் கல்விக்கு இரண்டு நிபந்தனைகள் உள்ளன. ஒரே செயலைப் பன்முறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்; அதனை நோயாளி தாமே செய்ய முயல வேண்டும். முதற்சில மாதங்களில் முன்னேற்றம் விரைவாகும். பின்னரும் அது முற்றிலும் நின்றுவிடுவதில்லை. எனினும், ஒரு சிகிச்சையாளர் ஒருவருக்கு ஒதுக்கக்கூடிய நேரம் குறைவு. அசையாத கையைக் கொண்டு நூறு முறை முயல்வதும் சலிப்பூட்டுவதே. இக்குறையை நீக்கவே புதிய கருவிகள் தோன்றின.

அவற்றுள் ஒன்று 'ரோபோ' எனப்படும் இயந்திரத் துணை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் இணைந்து 'புளூட்டோ' என்னும் கருவியை உருவாக்கியுள்ளன. மேசைமேல் வைக்கத்தக்க இக்கருவியில் மோட்டார் ஒன்றே உள்ளது. கைப்பிடிகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, மணிக்கட்டை மடக்கி நிமிர்த்தவும், முன்கையைத் திருப்பவும், விரல்களைத் திறந்து மூடவும் பயிலலாம். நோயாளியால் இயன்ற வரையில் அவரே அசைக்கிறார். இயலாத அளவுக்குக் கருவி கைகொடுக்கிறது. எதிரேயுள்ள திரையில் விளையாட்டு ஒன்று நடைபெறுவதால் சலிப்பும் குறைகிறது.

மற்றொன்று மின்தூண்டல். தங்கவயலுக்கு மின்சாரம் புதிதன்று. காவிரியின் சிவசமுத்திரத்தில் பிறந்த மின்சாரம் 1902-இல் இச்சுரங்கங்களுக்கு வந்தது. சுரங்கப் பொறிகளை இயக்கிய அதே சக்தி, மிகச் சிறு அளவில், தசையையும் இயக்க வல்லது. 1961-இல் லிபர்சன் என்னும் மருத்துவர், பக்கவாதத்தால் தொங்கிய பாதத்தை நடக்கும்போது உயர்த்த இதனைப் பயன்படுத்திய செய்தியை வெளியிட்டார். பின்னர் அம்முறை கைக்கும் வந்தது. பக்கவாதம் கண்ட கையில் விரல்கள் மடங்கி இறுகுவது வழக்கம், திறப்பதே அரிது. முன்கையின் பின்புறத் தசைகளின்மேல் ஒட்டுவில்லைகளைப் பதித்து மென்மையான மின்துடிப்பைச் செலுத்தினால், விரல்கள் விரிகின்றன. அவர் விரல்களை விரிக்க முயலும் அதே கணத்தில் துடிப்பு வருமாறு செய்வது சாலச் சிறந்தது. இதய முடுக்கி பொருத்தியவர்களும், வலிப்பு நோயினரும், தோலில் உணர்வு இழந்தவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடலாகாது.

கருவி உண்டென்றால் நோய் தீர்ந்தது என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. பிரிட்டனில் 770 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ரோபோப் பயிற்சி பெற்றோரின் கைச்செயல் வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட மேம்படவில்லை. 2021-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு 108 பேரைப் பற்றியது. அதில் அனைவரும் ஒரேவகைக் கைப்பயிற்சி செய்தனர். கழுத்திலுள்ள வேகஸ் நரம்பைப் பயிற்சியின்போது மின்சாரத்தால் தூண்டியவர்களுள் 47 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். ஏனையோருள் 24 விழுக்காட்டினரே கண்டனர். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் ஒன்று புலனாகும். கருவி பயிற்சிக்குத் துணையே அன்றி, பயிற்சிக்கு மாற்று அன்று. கருவி கிட்டாத இல்லத்திலும், தம்ளரைப் பற்றி வைப்பதும், துணியை மடிப்பதும், பயற்றைப் பொறுக்குவதும் சிகிச்சையாளர் காட்டிய முறைப்படி நாள்தோறும் நடைபெறலாம்.

நாம் செய்யத்தக்கவை யாவை? வாய் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, அந்நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் தரப்படவேண்டியது. உயிர் தப்பிய பின்னர், கையை மறந்துவிடலாகாது. பங்காருப்பேட்டை வழியாக ரயிலில் ஒருபுறம் பெங்களூரும், மறுபுறம் வேலூருக்கு அருகிலுள்ள காட்பாடியும் எட்டும் தொலைவிலேயே உள்ளன.

அயல் மாநிலத்தில் வாழும் தமிழர் மற்றொன்றையும் நினைவிற் கொள்க. நோயுற்ற முதியவருக்குச் சிகிச்சையாளரின் மொழி விளங்காமற் போகலாம். "விரலை விரி" என்னும் கட்டளை விளங்கினாலன்றோ மூளை அதற்கு முயலும்? ஆகவே முதல் நாளிலேயே குடும்பத்தார் ஒருவர் உடனிருந்து, ஒவ்வொரு சொல்லையும் தமிழில் எடுத்துச் சொல்லுதல் வேண்டும். அதற்குப் பொருட்செலவு இல்லை. ஆனால் அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.