மீன் இல்லாத மீன்தொட்டி

தென்னை மரத்தடியில் நின்று, தூரத்துக் கோயில் கோபுரத்தைப் பாருங்கள். மரம்தான் உயரமாகத் தெரியும். பின்பக்கமாக நடந்துகொண்டே போங்கள். கோபுரம் மெல்ல மெல்ல மரத்தை முந்திவிடும்.

நேரமும் இப்படித்தான் நம்மை ஏமாற்றும். ஜார்ஜ் ஐன்ஸ்லி என்பவர் புறாக்களை வைத்து இதைச் சோதித்தார். சிவப்புப் பொத்தானைக் கொத்தினால் உடனே கொஞ்சம் தீனி. கொத்தாமல் மூன்று விநாடி பொறுத்தால் இரண்டு மடங்கு தீனி. மூன்றே விநாடிதான்! புறாக்களோ கொத்திக்கொண்டே இருந்தன. பிறகு அவர் ஒரு பச்சைப் பொத்தானையும் வைத்தார். அதை முன்கூட்டியே கொத்தினால் சிவப்பு எரியவே எரியாது. சில புறாக்கள் அதைக் கொத்தக் கற்றுக்கொண்டன! 1974-இல் இந்த முடிவு வெளியானது.

"இனிக் குடிக்க மாட்டேன்" என்று காலையில் சத்தியம் செய்பவர் பொய் சொல்வதில்லை. அப்போது அவர் கண்ணுக்குக் கோபுரம் தெரிகிறது. சாயங்காலம் கடை வாசலில் நிற்கும்போது தென்னை மறைத்துவிடுகிறது. போதைப் பழக்கம் மூளையையும் மாற்றிவிடுவதால், அவருக்கு அந்த மரம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

அப்படியானால் நல்லதையும் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தால் என்ன? அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் நான்சி பெட்ரி என்பவர் அதைத்தான் செய்தார். மீன்தொட்டி போன்ற ஒரு கிண்ணம், அது நிறையச் சீட்டுகள். பரிசோதனையில் 'குடிக்கவில்லை' என்று தெரிந்தால் அங்கேயே ஒரு சீட்டு எடுக்கலாம். வழக்கமான தொட்டியில் 500 சீட்டுகள் இருக்கும். அதில் பாதியில் வெறும் 'சபாஷ்'தான்! மற்றவற்றில் பெரும்பாலானவை ஒரு டாலர் மதிப்புள்ள சின்னப் பரிசுகள். 100 டாலர் பரிசு ஒன்றே ஒன்று. தொடர்ந்து குடிக்காமல் இருந்தால் எடுக்கும் சீட்டுகள் கூடும். ஒருமுறை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

முன்னாள் படைவீரர்கள் 42 பேரிடம் அவர் செய்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் எட்டு வாரமும் சிகிச்சையில் நிலைத்தவர்கள் 22 சதவீதம். சீட்டும் எடுத்தவர்களில் 84 சதவீதம்.

"இது சூதாட்டம் மாதிரி இருக்கிறதே!" என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. பெட்ரி சூதாட்டப் பழக்கத்தையே ஆராய்ந்தவர். சீட்டு எடுத்தவர்கள் அதிகமாகச் சூதாடுகிறார்களா என்றும் சோதித்தார். இல்லை என்றே தெரிந்தது. இங்கே யாரும் சொந்தக் காசை வைத்து இழப்பதில்லையே.

2011-இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் இந்த முறையைக் கையில் எடுத்தன. ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை: சீட்டு எடுப்பது நின்றதும் சிலர் பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.