ஆயிரம் வருஷத்து ஸ்பாய்லர்

"ஐயோ அத்தை, சொல்லிடாதீங்க! நான் இன்னும் ரெண்டாம் பாகமே முடிக்கல!"

கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டிக்கு டிரைவர்கூட ஏறவில்லை. அதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. நாங்கள் ஐந்து பேர். மாதம் ஒருமுறை தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணலில் உட்கார்ந்து, மாயமோ மந்திரமோ எந்திரமோ எதிர்காலமோ, யார் எந்தத் தொடரைப் படித்திருந்தாலும் இருட்டும்வரை அதைப் பற்றியே பேசுகிறவர்கள். இந்த மாதம் மணலை விட்டுவிட்டுக் கதைக்கு உள்ளேயே போய்விடலாம் என்று கிளம்பியிருந்தோம்.

நிஜமாகவே உள்ளே. கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வ'னின் முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, அந்த வீரநாராயண ஏரி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. இன்றைக்கு அதன் பெயர் வீராணம். கொலை நடக்கும் கடம்பூரும் எங்கள் மாவட்டம். வெளிநாட்டு மாயக்கதைகளில் முதல் பக்கத்திலேயே ஒரு மேப் போட்டிருப்பார்கள். எங்கள் மேப்பில் டவுன் பஸ் ஓடுகிறது! இதை நினைத்து எனக்கு முதல் நாள் ராத்திரி தூக்கமே வரவில்லை.

சத்தம் போட்டது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அக்ரி படிக்கும் பெண். ஹாரி பாட்டர் ஏழும் தலைகீழ்ப் பாடம். 'டியூன்' பற்றிப் பேச ஆரம்பித்தால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். ஆனால் 'பொன்னியின் செல்வ'னில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று மட்டும் அவளிடம் யாரும் மூச்சு விடக் கூடாது. அதற்காகவே 2023-இல் வந்த இரண்டாம் பாகம் படத்தைக்கூடப் பார்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அப்படிப்பட்டவளைத்தான் அன்றைக்குக் காட்டுமன்னார்கோயிலுக்கு அழைத்துப் போகிறோம். அங்கே என்ன இருக்கிறது என்பது எங்கள் நான்கு பேருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது.

ஜன்னலோரம் என் அத்தை. மடியில் மஞ்சள் பை. அதற்குள்ளிருந்து அந்தப் பொக்கிஷம் வெளியே வந்தது. அத்தையின் மாமியார் 'கல்கி' இதழில் வாராவாரம் வந்த அந்தக் கதையின் பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்து பைண்டு பண்ணிய தொகுப்பு. துணி முதுகு நைந்திருக்கிறது. பிரித்தால் பழைய காகிதமும் கற்பூரமும் கலந்த வாசனை. மணியம் வரைந்த படங்கள் பழுப்பேறிக் கிடக்கின்றன. ஒரு பக்கத்தின் பின்னால் பாதி வெட்டுப்பட்ட தைல விளம்பரம். அதெல்லாம்கூடப் பரவாயில்லை, ஓரத்தைப் பாருங்கள்! நந்தினி வரும் பக்கத்தில் பென்சிலால் குட்டி எழுத்து: "இவள் சிரிப்பை நம்பாதே." அதற்குக் கீழே நீல மசியில் வேறொரு கையெழுத்து: "தவறு. இவள் மேல் குற்றமில்லை." பென்சில் மாமியாருடையது, மசி அவருடைய தம்பியுடையது என்றார் அத்தை. அக்காவும் தம்பியும் நேரில் பேசிக்கொள்ளாமல் பக்க ஓரத்திலேயே பல வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு பால்பாயின்ட் பேனா: "ரெண்டு பேரும் சும்மா இருங்கள்." அது யாருடையது என்று அத்தை சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அந்த ஓரக் குறிப்புகளைப் போலத்தான் அன்றைக்கு ஊரெல்லாம் பேசியிருக்கும். 1950 அக்டோபர் 29-இல் தொடங்கிய தொடர், 1954 வரை ஓடியது. முடிந்ததும் வாசகர்கள் கல்கியை விடவில்லை. இப்படித் திடீரென்று நிறுத்திவிட்டீர்களே, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கடிதம் மேல் கடிதம். கல்கி அதற்கெல்லாம் பதில் சொல்வதற்கென்றே ஒரு முடிவுரை எழுதினார். கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொண்டு, வரலாற்றில் இது இப்படி, மற்றது உங்கள் ஊகத்துக்கு, பின்னால் வரும் எழுத்தாளர்களின் கற்பனைக்கு என்று சொல்லிக்கொண்டே போகிறார். ஐந்து பாகம் எழுதிய மனிதர் வாசகரின் முணுமுணுப்புக்கு மரியாதை கொடுத்து மறுபடி பேனாவைத் திறந்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு மனசு பொங்குகிறது. அதே 1954 டிசம்பர் 5-இல் அவர் காலமாகிவிட்டார்.

"ராஜா கதை போதும். ஜீனோவுக்கு வாங்க" என்றான் மருந்துக் கம்பெனி ரெப்பாக இருக்கும் தம்பி. அவன் சுஜாதா கட்சி. 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' இரண்டும் பேக்கில் எப்போதும் இருக்கும். மருந்து சாம்பிள்களுக்கு அடியில் ஒரு ரோபாட் நாய்! எண்பதுகளில் எழுதிய அந்தக் கதை, 2020-களின் தொடக்கத்தில் நடப்பதாக வருகிறது. அதாவது, அந்த எதிர்காலத்தை நாம் தாண்டி வந்துவிட்டோம். "அரசாங்கம் பேருக்கு ரெண்டு எழுத்துன்னு ரேஷன் போடும்னு எழுதினாரு. அது நடக்கல. ஆனா மெஷின் நம்மகூட உக்காந்து புஸ்தகம் பத்திப் பேசும்னு எழுதினாரு பாருங்க..." என்று கைபேசியைத் தூக்கிக் காட்டினான். பின் சீட்டில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "எந்த நாய்ங்க தம்பி?" என்று கேட்டார். அவ்வளவுதான், ஆலப்பாக்கம் வரைக்கும் அவருக்கு முழுக் கதை.

எங்கள் கூட்டத்தின் மூத்தவர் ஐயா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு குண்டைப் போட்டார். "நீங்க பஸ் ஏறினீங்களே, அங்கேருந்து கூப்பிடு தூரம்தான் திருப்பாதிரிப்புலியூர். 1906 ஏப்ரல் 25-ல புதுமைப்பித்தன் பொறந்த ஊர். மேரி ஷெல்லியோட 'ஃப்ராங்கன்ஸ்டைன்' இருக்கே, அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தது அவர்தான். பேரு 'பிரேத மனிதன்'." ரெப் தம்பி வாயைப் பிளந்துவிட்டான். அறிவியல் புனைவுக்கே ஆதித்தாய் என்று பலர் சொல்லும் நாவல் அது! கடவுளைச் சென்னைத் தெருவில் இறக்கிக் கந்தசாமிப் பிள்ளையோடு காபி குடிக்க வைத்தவரும் அவர்தானே. ஐயா நிறுத்தவில்லை. மனத்தைத் தேராக்கிக் கந்தர்வ லோகம், சத்திய லோகம் என்று சுற்றிவரும் 'ஞானரத'த்தை எழுதிய பாரதியார், 1918-இல் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கைதாகி மூன்று வாரத்துக்கு மேல் அடைபட்டிருந்தது கடலூர்ச் சிறையில். ஊரைச் சுற்றி இவ்வளவு மாயம் இருக்க, நாங்கள் இத்தனை வருஷம் கடற்கரையில் உட்கார்ந்து டிராகன்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

சிதம்பரத்தில் இறங்கியதும் முதல் வேலை இட்லி, கொத்சு. சுட்ட கத்தரிக்காயும் புளியும் சேர்ந்த அந்த மணத்துக்குமுன் எந்தக் கட்சியும் வாய் திறக்கவில்லை. பிறகு கோயில். திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது என்றால் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய திரை எது? நடராஜருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அது விலகும்போது தெரிவது தங்க வில்வ மாலைகளும் வெளியும்தான். உருவம் கிடையாது. ஆகாயத்தையே வணங்குகிற தலம். இரண்டு மூச்சு நேரம் பார்த்திருப்போம். வெளியே வந்ததும் அக்ரி பெண் கிசுகிசுத்தாள்: "சஸ்பென்ஸை உடைச்சும் சஸ்பென்ஸ் அப்படியே இருக்கு. எந்த ரைட்டராலயும் இது முடியாதுக்கா." அணுத்துகள் ஆராயும் ஜெனீவாவின் செர்ன் வளாகத்தில் 2004-லிருந்து இரண்டு மீட்டர் உயர நடராஜர் நிற்கிறார், இந்திய அரசின் அன்பளிப்பு. அதை நான் சொன்னதும் ரெப் தம்பி அந்த இடத்திலேயே சோழர் கட்சிக்குப் பாதி மாறிவிட்டான்.

அடுத்த பஸ். குமராட்சி, லால்பேட்டை. திடீரென்று வலப்பக்கமா இடப்பக்கமா என்று சொல்ல முடியாதபடி எல்லாரும் எழுந்து நின்றுவிட்டோம். ஏரி! கரையில் இறங்கி நின்றபோது காற்று அத்தையின் முந்தானையைப் பிடுங்கியது. முதலாம் பராந்தகன் காலத்து ஏரி. காவிரித் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக இங்கே வருகிறது. 2004-லிருந்து சென்னைக்கும் இதிலிருந்து குடிநீர் போகிறது. சென்னையில் வீராணத் தண்ணீர் குடிக்கிறவர்கள் வந்தியத்தேவன் கண்டு மலைத்த ஏரியைத்தான் குடிக்கிறார்கள், சத்தியமாக! ஐயா 'ஆடித்திருநாள்' அத்தியாயத்தைக் குரலெடுத்து வாசித்தார். கல்கி எண்ணிச் சொன்ன 74 கணவாய்களின் இடம் வந்ததும் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரும் வந்து நின்று கேட்டார்.

இனி அந்தச் சுவர். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி, அனந்தீசுவரர் கோயில். ஐயா தன் ஜோல்னாப் பையிலிருந்து நகலெடுத்த தாள்களை எடுத்தார். 'எபிகிராஃபியா இண்டிகா' 21-ஆம் தொகுதியில் நீலகண்ட சாஸ்திரி பதிப்பித்த கல்வெட்டு வாசகம். தொடர் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் வந்துவிட்டது. இந்தத் தாள் இல்லாமல் போயிருந்தால் எங்களுக்குச் சுவர்தான் தெரிந்திருக்கும். எழுத்து தெரிந்திருக்காது.

"பாப்பா, கண்ணை மூடிக்கிறியா?" என்றார் அத்தை. "இது ஸ்பாய்லர்."

அவள் ஒரு நிமிஷம் தவித்தாள். பிறகு, "காட்டுங்க ஐயா!"

ஐயாவின் விரல் கல்லைத் தொடாமல் அரை அங்குலம் தள்ளி ஊர்ந்தது. எழுத்துகள் நகக்கண் அளவுக்கு வளைந்து வளைந்து போகின்றன. சில இடத்தில் கல் தேய்ந்திருக்கிறது. விரல் நின்றது. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். ர... வி... தா... ஸ...

அவள் போட்ட கூச்சலில் கோபுரத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன. "ரவிதாசன் நிஜமா? அந்த மந்திரவாதி நிஜ ஆளா?"

நிஜ ஆள். சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர் பெயராகச் சொல்லி, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் இவர்கள் என்றும், இவர்களுடைய, இவர்கள் உறவினருடைய உடைமைகளைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்றும் வந்த ஆணை, ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில் இருக்கிறது. கொலையைச் சொல்வதற்காக வெட்டிய கல்வெட்டுக்கூட இல்லை, நிலம் பற்றிய ஆவணம். போகிற போக்கில் தமிழ்நாட்டின் மிகப் பெரிய மர்மக் கதை அதற்குள் கிடக்கிறது. கொலைக்கும் இந்த ஆணைக்கும் நடுவே உத்தம சோழன் சுமார் 15 ஆண்டு ஆண்டிருக்கிறான். அவனுக்கும் இதில் பங்கு உண்டோ என்று நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார். குடவாயில் பாலசுப்ரமணியன் அதை மறுத்து எழுதினார். பென்சிலும் நீல மசியும் அங்கேயும் உண்டு!

"போச்சு, அப்போ கதை தெரிஞ்சுபோச்சா?" என்று அவள் உதட்டைப் பிதுக்கினாள். ஐயா சிரித்தார். "கல்லு சொல்றது வேற, கல்கி பண்றது வேற. இந்தக் கல்வெட்டுச் சேதி தெரிஞ்சுதான் அவர் அஞ்சு பாகம் எழுதினாரு. போய் மிச்சத்தைப் படி."

திரும்பும் பஸ்ஸில் அத்தையின் பைண்டு அவள் மடியில் இருந்தது. புவனகிரி தாண்டுவதற்குள் பேக்கிலிருந்து பென்சில் எடுத்து ஓரத்தில் என்னவோ எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். மறைத்துக்கொண்டாள்.

நீங்களும் போகலாம். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் சுமார் 25 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பஸ். ஆடிப்பெருக்கு நாளில் போனால் பெரும்பாலும் தண்ணீரும் இருக்கும், முதல் அத்தியாயமும் பொருந்தும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று கல்வெட்டின்மேல் சாக்பீஸோ மாவோ எண்ணெயோ தடவாதீர்கள். கையில் வாசகத்தின் நகலை வைத்துக்கொண்டு கண்ணால் தேடுங்கள். ரவிதாசன் அங்கேதான் இருக்கிறான்.