சாலைக் காவலும் அதற்கான பணமும்

இருப்புப் பாதையில் ஓடும் வண்டிக்குக் கைகாட்டி உண்டு. சாலையைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்கு என்ன உண்டு? "காவலுக்குப் பணம் எங்கே?" என்று சொல்லி நாம் வாளா இருந்துவிடுகிறோம். பணத்துக்கு வழி உண்டு.

கேரளத்தில் 2007-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற சட்டத்தின்படி சாலைப் பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. சாலை விதிகளை மீறுவோர் கட்டும் அபராதத்தில் பாதியை அரசு அதன் நிதிக்கு அளித்தல் வேண்டும் என்பது விதி. பெரும்பணிகளுக்கு இது போதாது. ஆகவே மாநிலச் சாலைகளைச் செப்பனிட 2013-இல் உலக வங்கியிடம் 21.6 கோடி டாலர் கடன் பெறப்பட்டது. அத்திட்டத்தில் கழக்கூட்டம் முதல் அடூர் வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் மாதிரிப் பாதுகாப்புச் சாலையாகத் தெரிந்தெடுக்கப்பட்டது. வெஞ்ஞாறமூடு, கிளிமானூர், கொட்டாரக்கரை ஆகிய ஊர்கள் இவ்வழியில் உள்ளவையே. சாலையமைப்பு, காவல்துறைக் கண்காணிப்பு, விபத்துற்றோர்க்கு உடனடிச் சிகிச்சை ஆகிய மூன்றையும் ஒருங்கே செய்வது இதன் நோக்கம்.

மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்பு மன்றம் உண்டு. நம் தெருமுனையில் இடர் இருப்பின், இன்ன இடம், இன்ன வேளை, கடப்போர் இத்தனை பேர் எனக் கணக்கெடுத்து அங்கே விண்ணப்பிக்கலாம். வந்து குடியேறிய ஊர்தானே என்று ஒதுங்கி நிற்றல் வேண்டா. நம் குழந்தைகள் நடப்பதும் இச்சாலைகளில்தான்.