முகம் சிதைந்த வீரர்களை வரைந்த டாக்டர்!

1916. முதல் உலகப்போர் நேரம். பதுங்குகுழியிலிருந்து தலையை நீட்டினால் முகத்தில்தான் அடி. மூக்கு, தாடை சிதைந்த வீரர்களுக்கு இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட் ராணுவ மருத்துவமனையில் முகத்தைச் சீரமைத்தார் டாக்டர் ஹெரால்ட் கில்லிஸ். அந்த முகங்களை வரைந்தவர் ஹென்றி டோங்க்ஸ். சர்ஜனாக இருந்து ஓவியரானவர்.

'அதான் போட்டோ இருக்கே, ஓவியம் எதுக்கு?' என்கிறீர்களா? அப்போது எடுத்தவை கறுப்பு வெள்ளை போட்டோக்கள். காயத்தின் சிவப்போ, தோலின் நிறமோ அதில் தெரியாது. அதனால் ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் பேஸ்டல் வண்ணங்களில் வரைந்தார் டோங்க்ஸ்.

இவை சிகிச்சைக்கான பதிவு. இவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க அவருக்கே விருப்பமில்லை. இன்று லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் இருக்கின்றன. முதலில் காயம்தான் கண்ணில் படும். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், அந்த ஆள் தெரிவார்.